மூன்றாவது காப்பியில் பிறக்கும் ஃபிரேம்வொர்க்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலைக்கு லாட் (ஒன்றாகப் பதனிடும் தோல் தொகுதி) கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் சிறு குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பச்சைத் தோல் எத்தனை பீஸ் வந்தது, எந்த டிரம்மில் போனது, பதனிட்ட ஈரத் தோலான வெட் ப்ளூ எத்தனை, அதை உலர்த்திய கிரஸ்ட் எத்தனை, ஃபினிஷிங் முடிந்து எத்தனை சதுர அடி பில் ஆனது என்பதுதான் மொத்தக் கணக்கும். வேலை நன்றாக அமைந்தால் ஆம்பூரிலிருந்து அடுத்த ஆர்டர் வரும். பழைய புரோகிராம் கோடைக் காப்பி எடுத்து, லோகோவை மாற்றி, இரண்டு ரிப்போர்ட் சேர்த்துக் கொடுத்துவிடலாம். இந்தக் கட்டத்தில் குழுவில் யாராவது ஒருவர், "இதையே ஒரு ஃபிரேம்வொர்க்கா பண்ணிடலாமே" என்பார், அதாவது இதுபோன்ற செயலிகள் பலவற்றுக்கும் அடிப்படையாக நிற்கும் பொதுக் கோடாக. பண்ணக் கூடாது. அதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

காரணம் தோலிலேயே இருக்கிறது. முதல் இரண்டு தொழிற்சாலையும் ஆட்டுத் தோல் போடுபவை என்று வையுங்கள். ஆட்டுத் தோலில் 1,000 பீஸ் உள்ளே போனால் ரிஜெக்ட் போக மீதி வெளியே வரும். எண்ணிக்கை குறையலாம், அதிகமாகாது. ஆகவே 'வந்ததில் ரிஜெக்டைக் கழித்தால் இருப்பு' என்ற கணக்கு, யாரும் யோசிக்காமலே, கோடில் நாற்பது இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். மூன்றாவதாக மாட்டுத் தோலும் எருமைத் தோலும் போடும் ஒருவர் வருகிறார். அங்கே ஸ்பிளிட்டிங் மெஷின் உண்டு. தடித்த தோலை அது கனத்தில் இரண்டாகப் பிளந்து, மேல் அடுக்கைக் கிரெயினாகவும் கீழ் அடுக்கை ஸ்பிளிட்டாகவும் தள்ளும். உள்ளே போனது 500, வெளியே வந்தது ஆயிரத்தை ஒட்டி. இரண்டுக்கும் விலை வேறு, அடுத்துப் போகும் வேலை வேறு, வாங்குபவரும் வேறு. அந்த நாற்பது இடமும் ஒரே நாளில் பொய்த்துப்போகும்.

இரண்டாவது காப்பியிலேயே ஃபிரேம்வொர்க் கட்டியிருந்தால் இந்தத் தப்புக் கணக்கு அதன் அடித்தளமாகவே ஆகியிருக்கும். மூன்று காப்பியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எது எங்கேயும் மாறாதது, எது ஆளுக்கு ஆள் மாறுவது என்று தெரியவரும். மூன்று என்பது சாஸ்திரம் ஒன்றும் இல்லை. தொழிலில் பழகிப்போன ஒரு கைக்கணக்கு. ஆனால் உலகம் முழுக்கப் புழங்கும் ஃபிரேம்வொர்க்குகள் பலவும் இப்படிச் செய்து முடித்த வேலையிலிருந்து பிரித்தெடுத்தவைதான். ரூபி ஆன் ரெய்ல்ஸை டேவிட் ஹைனமையர் ஹான்சன் பேஸ்கேம்ப் என்ற வேலை நிர்வாகச் செயலியிலிருந்து உருவி எடுத்து 2004இல் வெளியிட்டார். ஜாங்கோ, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு உள்ளூர் நாளிதழின் இணையதளங்களை அவசரம் அவசரமாக எழுத வேண்டியிருந்த அறையில் 2003இல் முளைத்து, 2005இல் வெளியே வந்தது. செய்தியறையின் வேகம் இல்லையென்றால் அதில் அந்தத் தயார்நிலை அட்மின் பக்கம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சரி, ஃபிரேம்வொர்க்குக்கும் லைப்ரரிக்கும் என்ன வித்தியாசம்? லைப்ரரி என்பது தயாராக எழுதி வைத்த கோடுத் தொகுப்பு, அதை நாம் கூப்பிடுகிறோம். ஃபிரேம்வொர்க் நம்மைக் கூப்பிடுகிறது. ஆரணியில் பட்டுத் தறியைப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. எந்த மிதியை அழுத்தினால் எந்த விழுது ஏறும், நாடா எந்தப் பக்கம் போகும் என்பதெல்லாம் தறியின் ஒழுங்கு. ஊடையில் என்ன நிறம், கரையில் என்ன பூ என்பதுதான் நெய்பவர் கையில். தறி தன் ஓட்டத்தில் ஓரிடத்தில் நின்று 'இங்கே உன் நூல்' என்கிறது, நெய்பவர் கொடுக்கிறார். சட்டகம் என்று தமிழில் எழுதுகிறார்கள், தவறில்லை. ஆனால் சட்டகம் சும்மா நிற்கும், தறி ஓடும். ஃபிரேம்வொர்க்கும் ஓடுவதுதான்.

ஆகவே வடிவமைப்பின் முதல் கேள்வி, ஓட்டத்தில் எத்தனை இடத்தில் நிற்பது என்பது. நம் தோல் கணக்கில் ஐந்து இடம் போதும்: லாட் திறப்பது, ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு மாற்றுவது, ஜாப் வொர்க்குக்கு (வேறொருவரிடம் கூலிக்கு வேலை செய்து வாங்க) வெளியே அனுப்புவது, திரும்ப வாங்குவது, லாட்டை மூடுவது. ஒவ்வொன்றிலும் பயன்படுத்துபவர் தன் கோடை மாட்ட 'முன்', 'பின்' என்று இரண்டு கொக்கி. அதற்கு மேல் வைத்தால் பயன்படுத்துபவருக்கு எந்தக் கொக்கியில் எதை மாட்டுவது என்ற குழப்பம் வரும். குறைத்தால் ஃபிரேம்வொர்க்கின் உள்ளே கையை விட்டுத் திருத்த ஆரம்பிப்பார். அப்படிக் கை வைத்துவிட்டார் என்றால் அடுத்த வெர்ஷனுக்கு அவர் வரவே மாட்டார். வந்தால் அவர் திருத்தியதெல்லாம் போய்விடும்.

மையத்தில் எதை வைப்பது, வெளியே எதை விடுவது என்பதற்கு நல்ல அளவுகோல் ஒன்று உண்டு: இன்னொருவர் நினைத்தால் மாறக்கூடியது எதுவும் மையத்துக்குள் வரக்கூடாது. ஜாப் வொர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பியாக வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவு. அந்த ஓராண்டை 365 என்று மையத்தில் எழுதி வைத்தால், கால நீட்டிப்பு வந்த அன்றைக்கே எல்லா வாடிக்கையாளருக்கும் புது ரிலீஸ் கொடுக்க வேண்டிவரும். வரி விகிதமும் அப்படியே. அளவு மாற்றம் அப்படியல்ல. ஒரு சதுர அடி 9.29 சதுர டெசிமீட்டர் என்பது எந்த ஆட்சியிலும் மாறாது. அது மையத்தில்தான், ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதினால் ஒருவர் பீஸுக்குப் பீஸ் பின்னத்தை வெட்டுவார், இன்னொருவர் மொத்தத்தில் வெட்டுவார். 1,200 பீஸ் உள்ள லாட்டில் பீஸுக்குச் சராசரி அரை டெசிமீட்டர் வெட்டினால் 600. அதாவது ஏறக்குறைய 65 சதுர அடித் தோல் காகிதத்திலேயே காணாமல் போய்விடும். தோலை வாங்குபவர் கேட்பார்.

தறியில் பாவு (நீளவாட்டு நூல்) ஏற்றிவிட்டால் துணியின் அகலத்தை மாற்ற முடியாது. ஃபிரேம்வொர்க்கிலும் அப்படிச் சில முடிவுகள் உண்டு, அவற்றை முதலிலேயே உட்கார்ந்து பேசிவிட வேண்டும். டிஸ்கில் தகவல் எந்த வடிவில் தங்கும் என்பது ஒன்று. ஒரு வேலை முடியும் வரை நின்று காத்திருப்பதா, காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலை பார்ப்பதா என்பது இன்னொன்று. இரண்டாவதை டெவலப்பர்கள் அசிங்க் என்பார்கள். தமிழில் எழுதினால் கொஞ்சம் சங்கடமான சொல்தான். ஜாங்கோ 2005இல் காத்திருக்கும் வகையாகப் பிறந்தது. அதில் அசிங்க் வியூ (பக்கக் கோரிக்கைக்குப் பதில் தரும் பகுதி) 2020இல் 3.1 வெர்ஷனில்தான் வந்தது, டேட்டாபேஸ் பக்கத்துக்கு அசிங்க் முகம் 2022இல் 4.1இல். பாவை அறுக்காமல் அகலத்தைக் கூட்ட இத்தனை ஆண்டு.

சின்ன விஷயம்கூட இப்படி இறுகிவிடும். கோடை ஓடும் புரோகிராமாக மாற்றித் தரும் மேக் என்ற பில்ட் கருவியை 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியபோது, கட்டளை வரி டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்று வைத்தார். கண்ணுக்கு இடைவெளியும் டேப்பும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் அது தொல்லை என்று அவருக்கே சீக்கிரம் புரிந்தது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், அவர்களைத் தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டார். இன்றைக்கும் புதிதாக வருபவர் அந்த டேப்பில் தடுக்கி விழுகிறார்.

இறுகுவதற்கு முன் சோதிக்க நல்ல வழி, கோடுக்கு முன்னால் மாதிரியை எழுதுவது. ஃபிரேம்வொர்க் இன்னும் இல்லை. ஆனால் இருப்பதாகப் பாவித்து, அதைக் கொண்டு ஒரு சின்ன லாட் கணக்குச் செயலியை எழுதிப் பாருங்கள். இருபது வரியில் ஒரு லாட்டைத் திறந்து, மூன்று நிலை மாற்றி, மூட முடிகிறதா? முதல் லாட்டைத் திறப்பதற்கு முன்பே அறுபது வரி கான்ஃபிகரேஷன் கேட்கிறதென்றால் இயல்பு மதிப்புகளை நீங்கள் யோசிக்கவில்லை என்று அர்த்தம். அந்த மாதிரிச் செயலி ஓடும் வரைக்கும்தான் உள்ளே கோடு எழுத வேண்டும். பிறகு, குழுவில் இல்லாத ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். காட்பாடிப் பக்கம் கடைசி ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர் போதும். அரை மணி நேரம் அவர் பின்னால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, எங்கே கை நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி.

பெரும்பாலும் கை நிற்பது எரர் செய்தியில். ஃபிரேம்வொர்க் நம்மைக் கூப்பிடுவதால், தப்பு நடந்தால் வரும் நீண்ட தடத்தில் ஐம்பது வரி ஃபிரேம்வொர்க்கினுடையது, இரண்டு வரிதான் பயன்படுத்துபவருடையது. அந்த இரண்டை அவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். 'மதிப்பு காலியாக உள்ளது' என்று வந்தால் எதுவும் புரியாது. 'லாட் 2217: வெட் ப்ளூ பதிவு இல்லாமல் கிரஸ்ட் நிலைக்குப் போக முடியாது, நிலைகள் கோப்பில் 14ஆம் வரியைப் பாருங்கள்' என்று வந்தால் மாணவர் கை நிற்காது. ஒரு நல்ல எரர் செய்திக்கு ஆகும் உழைப்பு, பத்துப் பக்க டாக்குமென்டேஷனுக்கு ஆவதைவிடக் குறைவு, படிக்கப்படுவதோ நிச்சயம்.

தமிழில் பெயர்கள் உள்ளே வரும் சாஃப்ட்வேர் என்றால் மையத்தில் இன்னொன்றும் சேர வேண்டும். 'வேலூர்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஆறு குறி, அதைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் 18 பைட். பெயர் கட்டத்துக்கு 20 பைட் ஒதுக்கிவிட்டு 20 எழுத்து என்று நினைத்தவர், 'ஆற்காடு' என்று எழுதினால் 21 பைட் ஆகிவிடுவதைப் பார்த்து விழிப்பார். இன்னும் நுணுக்கம், 'கொ' போன்ற எழுத்து. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் குறி, துணைக்கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, தேடினால் கிடைக்காது. உள்ளே வரும் எழுத்தையெல்லாம் வாசலிலேயே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவது ஃபிரேம்வொர்க்கின் பொறுப்பு. ஒவ்வொரு செயலியிடமும் அதை விட்டால் யாராவது ஒருவர் மறப்பார்.

இனி பெயர். பெயர் வைப்பது கடைசி நாள் வேலை, டீ குடித்துக்கொண்டே முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் பயன்படுத்துபவர் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அந்தப் பெயரைத்தான் அடிக்கப்போகிறார். அவர் கோடில் ஏறிவிட்ட பெயர், ஏற்றிவிட்ட பாவு மாதிரி.

வெளிப்பெயரைவிட உள்பெயர்கள் முக்கியம் என்பது என் கணிப்பு. ஃபங்ஷனுக்கு, ஃபீல்டுக்கு வைக்கும் பெயர்கள். தோல் கணக்கில் 'குவான்டிட்டி' என்று ஒரு ஃபீல்டு இருந்தால் அது பீஸா, கிலோவா, சதுர அடியா? மூன்றாவது மாதத்தில் யாரோ ஒருவர் பீஸைச் சதுர அடியோடு கூட்டிவிடுவார். அளவின் அலகு பெயரிலேயே இருக்கட்டும், நீளமானாலும் பரவாயில்லை. ஆபத்தையும் பெயரிலேயே சொல்லலாம். இணையப் பக்கங்கள் கட்டும் ரியாக்ட் லைப்ரரியில் வெளியிலிருந்து வந்த எச்.டி.எம்.எல்.லை அப்படியே பக்கத்தில் கொட்டும் வழிக்கு, பெயரின் தொடக்கத்திலேயே 'டேஞ்சரஸ்லி' என்று ஒட்டியிருக்கிறார்கள். அடிக்கும்போதே கை ஒரு கணம் தயங்கும். அதற்குத்தான் வைத்தது.

தப்பாக வைத்த உள்பெயர் என்ன ஆகும் என்பதற்குத் தினமும் கண்முன் சாட்சி இருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்று பிரவுசர் சர்வருக்குச் சொல்லும் தலைப்பு வரி 'ரெஃபரர்'. அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு 'ஆர்' விடுபட்டுப் போனது. 1996இல் வந்த எச்.டி.டி.பி. (பிரவுசரும் சர்வரும் பேசும் விதிமுறை) ஆவணத்தில் அந்தப் பிழையோடே ஏறியது. உலகத்துப் பிரவுசர் எல்லாம் இன்றும் அதைப் பிழையாகவே எழுதுகின்றன. சரியாக எழுதினால்தான் வேலை செய்யாது.

வெளிப்பெயருக்கு வருவோம். பொருளை அப்படியே விவரிக்கும் பெயர் முதலில் வசதியாகத் தோன்றும், பிறகு பொருள் நகர்ந்துவிடும். எக்ஸ்.எம்.எல். என்ற தகவல் வடிவத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் பிரவுசர் வசதி ஒன்று பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஜேசான் என்ற வேறு வடிவத்தைத்தான் சுமக்கிறது. தோல் என்று பெயரில் வைத்துவிட்டு நாளைக்குக் குடியாத்தத்தில் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் அதே ஃபிரேம்வொர்க்கைக் கேட்டால்? சம்பந்தமில்லாத பெயர் இங்கே நின்று தாங்கும். ஜாங்கோ என்பது ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிட்டார் கலைஞரின் பெயர். இணையதளத்தோடு ஒட்டும் உறவும் இல்லை. ஃபிளாஸ்க் 2010 ஏப்ரல் 1 அன்று விட்ட ஒரு கேலியிலிருந்து வந்தது. அப்போதே இருந்த பாட்டில் என்ற ஃபிரேம்வொர்க்கைச் சீண்டிய பெயர். ஸ்பிரிங், ஜாவா உலகின் பழைய கனமான முறை என்ற குளிர்காலம் போய் வசந்தம் வந்தது என்ற அர்த்தத்தில் வைத்தது. மூன்றுமே இன்னும் நிற்கின்றன.

நம் ஊர்ப் பெயர் வைக்க ஆசைப்பட்டால் தடைகள் வேறு மாதிரி. கோடைப் பொதியாக்கிப் பொதுவில் பகிரும் பேக்கேஜ் பதிவேடுகளில் பெயர் ரோமன் எழுத்தில்தான் இருக்க முடியும். 'தறி' என்று முடிவு செய்தால் அதை டி-ஏ-ஆர்-ஐ என்பதா, நடுவில் எச் சேர்ப்பதா, கடைசியில் ஒய் போடுவதா? சோதனை எளிது: ஐந்து பேருக்குப் போனில் பெயரைச் சொல்லி அடிக்கச் சொல்லுங்கள். மூன்று விதமாக வந்தால் கைவிடுங்கள். ழ, ற, ண வரும் பெயர்கள் பெரும்பாலும் இங்கேயே விழுந்துவிடும். 'பாலாறு' அழகான பெயர்தான். ஆனால் அதிலும் எத்தனை ஏ என்ற சிக்கல் உண்டு. போதாததற்கு, டேட்டா வராத நாளெல்லாம் 'பாலாறு வறண்டுவிட்டது' என்று கேலி வேறு. 'ஆற்காடு' என்பதற்கு ஆங்கிலேயர் வைத்த எழுத்துக்கூட்டல் நிலைத்திருக்கிறது, அது ஒரு வசதி. ஆனால் தேடுபொறியில் போட்டால் சென்னையின் ஆற்காடு சாலையில் வீடு வாடகைக்கு என்றுதான் முதலில் வரும். தேடலில் கிடைக்காத பெயர் எவ்வளவு சிரமம் என்பதை கூகுள் தன் கோ மொழியில் அனுபவித்தது. உதவி தேடுபவர்கள் எல்லாம் பின்னால் 'லாங்' ஒட்டித் தேட வேண்டியிருக்கிறது. அந்தப் பெயரில் கடைசியில் ஆச்சரியக்குறி போட்ட வேறொரு மொழி ஏற்கெனவே இருந்தது வேறு கதை.

எழுத்துக்கூட்டல் சிக்கல் வெறும் அழகுக் குறை அல்ல. 2017இல் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களுக்கான என்பிஎம் பதிவேட்டில், நடுவில் ஒரு சிறு கோடு உள்ள பிரபலமான பேக்கேஜின் பெயரை அந்தக் கோடு இல்லாமல் யாரோ பதிந்து வைத்தார்கள். தவறாக அடித்தவர்களின் கணினியில் இருந்த ரகசியச் சாவிகளை அது சுருட்டியது. அதே ஆண்டில், குறியீட்டில் மட்டும் வேறுபடும் புதுப் பெயரை ஏற்பதில்லை என்று என்பிஎம் விதி போட்டது. பைத்தானின் பதிவேட்டில் சிறுகோடு, அடிக்கோடு, புள்ளி மூன்றும் ஒன்றுதான். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமும் இல்லை. உங்கள் பெயருக்கு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் சாத்தியம் என்றால் அத்தனையையும் நீங்களே முதலில் பதிந்து, உள்ளே 'சரியான பெயர் இது' என்று ஒரு வரி வைத்துவிடுவது நல்லது.

பெயர் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பதில் பலர் பேக்கேஜ் பதிவேட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வியூ என்ற ஃபிரேம்வொர்க்குக்கு அதை எழுதிய எவான் யூ முதலில் வைத்த பெயர் சீட். அது என்பிஎம்மில் போய்விட்டது என்று தெரிந்து மாற்றியவர். நேரத்தோடு தெரிந்தது. ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸுக்கு அப்படி இல்லை: டெபியன் லினக்ஸில் 'நோட்' என்ற கட்டளை அமெச்சூர் ரேடியோக்காரர்களின் ஒரு பழைய கருவிக்கு உரியதாக இருந்தது. அதனால் டெபியனில் பல ஆண்டு அந்தக் கட்டளைக்கு வேறு பெயர். இணையத்தில் படித்த பாடத்தை அப்படியே அடித்தவருக்கு எதுவும் ஓடாது. ஆகவே கட்டளைப் பெயரை லினக்ஸ் பேக்கேஜ் பட்டியலிலும் தேடுங்கள். பிறகு டிரேட்மார்க். 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டப்படி சாஃப்ட்வேர் பெயருக்கு 9, 42 என்ற இரண்டு வகுப்பையும் பார்க்க வேண்டும். தேடல் இணையத்தில் இலவசம். வேலூர்க்காரர்களுக்கான பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில். ஆன்லைனில் விண்ணப்பித்தால் தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் சிறு நிறுவனத்துக்கும் வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்ற நிறுவனங்களுக்கு 9,000. வணிகச் சின்ன இதழில் வெளியான பின் நான்கு மாதம் எவரும் ஆட்சேபிக்கலாம். பதிவானால் பத்தாண்டு செல்லும்.

இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதன் விலை 2016 மார்ச்சில் தெரிந்தது. கிக் என்ற பெயரில் ஒருவர் பேக்கேஜ் வைத்திருந்தார். அதே பெயருள்ள மெசேஜிங் நிறுவனம் கேட்டது, என்பிஎம் பெயரை நிறுவனத்துக்கு மாற்றியது. கோபத்தில் அவர் தன் பேக்கேஜ்கள் 270க்கும் மேற்பட்டவற்றை ஒரேயடியாக விலக்கிக்கொண்டார். அவற்றில் ஒன்று, எழுத்துக்கு இடப்பக்கம் இடைவெளி நிரப்பும் லெஃப்ட்-பேட். மொத்தம் 11 வரி. அதை நம்பியிருந்த பில்டுகள் உலகம் முழுக்க விழுந்தன. இரண்டு மணி நேரத்தில் என்பிஎம் அதைத் தானே திரும்ப ஏற்றியது. சண்டை தொடங்கியது ஒரு பெயரில்.

எத்தனை பார்த்தாலும் சில சமயம் பெயரை மாற்றியே ஆக வேண்டும். ஃபயர்பாக்ஸ் பிரவுசரே பீனிக்ஸ், ஃபயர்பேர்ட் என்று இரண்டு பெயரை இழந்த பிறகு 2004இல் வந்து நின்ற பெயர். மாற்றத்தை எப்படிச் செய்வது என்பதற்கு வேலூர் மாவட்டத்தைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம். வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டானது, பிறகு வேலூர் மாவட்டம் என்றானது, அதுவும் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. பெயருக்கு மூலமான ஆற்காடு ஊர் இப்போது இருப்பது ராணிப்பேட்டை மாவட்டத்தில். ஆனால் பழைய கிரயப் பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருப்பதால் அது செல்லாது என்று யாரும் சொல்வதில்லை. 'வ.ஆ.' என்று விலாசம் எழுதிய பெரியவர்களின் கடிதமும் போய்ச் சேர்ந்தது.

ஃபிரேம்வொர்க்கில் இதற்கு ஒப்பான ஏற்பாடு இப்படி. புதுப் பெயரில் பேக்கேஜ் வெளியான அதே நாளில், பழைய பெயரில் கடைசியாக ஒரு வெர்ஷன் போக வேண்டும். அதன் உள்ளே சொந்தக் கோடு எதுவும் இருக்காது, புதியதைக் கூப்பிட்டு அப்படியே கைமாற்றும், கூடவே ஓர் எச்சரிக்கை வரியை ஒரு முறை மட்டும் அச்சிடும். ஒவ்வொரு முறையும் அச்சிட்டால் எச்சரிக்கையையே அணைத்துவிடுவார்கள். பெயரைத் தேடி மாற்றும் சிறு ஸ்கிரிப்டையும் கூடவே கொடுக்க வேண்டும். 2018இல் ரியாக்ட் தன் சில பழைய பெயர்களின் முன்னால் 'அன்சேஃப்' ஒட்டியபோது அப்படித்தான் கொடுத்தது. பழைய பெயர் குறைந்தது ஒரு முழு மேஜர் வெர்ஷன் வரைக்கும் உயிரோடு இருக்கட்டும். பெயரோடு சேர்த்து நடத்தையையும் ஒரே ரிலீஸில் மாற்றாதீர்கள்: ஏதாவது உடைந்தால் எதனால் உடைந்தது என்று பயன்படுத்துபவரால் பிரித்துப் பார்க்க முடியாது. 2016இல் ஆங்குலர் என்ற ஃபிரேம்வொர்க்கின் 2ஆம் வெர்ஷன் வந்தபோது பெயர் ஏறக்குறைய அதேதான், உள்ளே முற்றிலும் வேறு. பழைய செயலிகளைத் தூக்கி அதில் வைக்க முடியாமல் பலர் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கடைசியாக, பழைய பெயரை யாரும் பயன்படுத்தவில்லை என்று தெரிந்த பிறகும் பதிவேட்டிலிருந்து அதை விடுவிக்கக் கூடாது. எங்கோ ஒரு தொழிற்சாலையின் ஆபீஸ் மூலையில், ஐந்து வருடமாக யாரும் தொடாத கணினி ஒன்று அந்தப் பெயரை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும். பெயர் காலி என்று வேறொருவர் எடுத்துக்கொண்டால், அடுத்த முறை அது கேட்கும்போது பதில் சொல்வது அவர்தான்.